பரணுக்கு ஒரு பாயின்ட்

“இஸ்திரிப் பெட்டி வேண்டாம்மா. ஆயிரம் வாட் இழுக்கும். இந்த இன்வர்ட்டர் தாங்காது,” என்றார் எலக்ட்ரீஷியன். டூல்ஸ் பையை வாசல் பக்கம் வைத்துவிட்டு, அழுக்குச் சட்டையோடே சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“சட்டை கசங்கியிருந்தா என்ன, இனிமே எங்களை யாரு பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க? லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுப்பா,” என்றார் வீட்டுக்கார அம்மாள். தையல் வேலை செய்து பழகிய கை. பேசிக்கொண்டே வரைபடத்தின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

அது சக்கரம் வைத்த வீட்டின் வரைபடம். பதினெட்டு அடி நீளம், எட்டு அடி அகலம். அம்மாளும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவரும் இனி அதில்தான் ஊர் ஊராகப் போய் வாழப் போகிறார்கள். இருக்கிற வீட்டை விற்றாயிற்று. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

நாளைக் காலையில் வயர் இழுத்தாக வேண்டும். மத்தியானம் தச்சர் வந்து உள்சுவர்ப் பலகையை அடித்துவிடுவார். அதற்குப் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் புதிதாக ஒரு பாயின்ட் சேர்க்க முடியாது. அதனால் எல்லாம் இன்றைக்கே முடிவாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் சட்டைப் பையைத் தடவினார். பென்சில் இல்லை. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, அலமாரியின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“தையல் மெஷின்?”

“எண்பது வாட்டுன்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தைப்பேன்.”

“டிவி?”

“அவர் மூணு மணி நேரம் பார்ப்பார். அதுல முழிச்சிருக்கிறது அரை மணி நேரம்.”

“தூங்கினாலும் டிவி கரண்ட் இழுக்கும்மா,” என்று மூன்று மணி நேரம் என்றே எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த டிரைவர் கொட்டாவி விட்டார்.

ஃபிரிட்ஜ், மிக்சி, தண்ணீர் மோட்டார், கீழே ஒரு ஃபேன், ஆறு லைட் என்று பட்டியல் வளர்ந்தது. பிறகு எலக்ட்ரீஷியனின் பென்சில் மெதுவாகப் பரணுக்கு ஏறியது.

“பரண்ல ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு சார்ஜர் பாயின்ட் போட்டுடறேன்.”

“அங்க பெட்டிதான் வைக்கப்போறோம். பெட்டிக்கு வேர்க்குமா?”

“திடீர்னு யாராவது தங்க வந்தா?”

“யாரும் வரக் கூடாதுன்னுதானே இவ்வளவு சின்னதா கட்டறோம்.”

ஒரு பாயின்ட் கேட்டால் இரண்டு போடச் சொல்லாத எலக்ட்ரீஷியன் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவர் பாட்டுக்குப் பரணில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மொத்தத்தைக் கூட்டினார்.

“கூரையில ரெண்டு சோலார் தகடு, சீட்டுக்கு அடியில பேட்டரி. ரெண்டு நாள் வெயிலே வரலைன்னாலும் ஓடும். பரண் ஃபேன் வெறும் பன்னிரண்டு வாட்தாம்மா. ராத்திரி பூரா சுத்தினாலும் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது.”

“இது என்ன வட்டம்?”

“ஃபேன். அரைக் கிலோ கூட வராது. வண்டிக்கு ஒரு பாரமா?”

“ஃபேன் அரைக் கிலோ. அதுக்குக் கீழ ஒருத்தர் வந்து படுத்தா எண்பது கிலோ. வண்டி மேடு ஏற வேண்டாமா?” அம்மாள் ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தார். துகளை ஊதியும் விட்டார்.

எலக்ட்ரீஷியனுக்கு முகம் தொங்கிவிட்டது. நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. பென்சிலைக் கீழே வைத்தார்.

“உட்கார்ந்து உட்கார்ந்து இவ்வளவு கணக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒரே ஒரு பாயின்ட். அது கூடக் கேட்கக் கூடாதா?”

அம்மாள் கணவரைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத டிரைவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நாப்பது வயசாகியும் மகன் வீட்டை விட்டுக் கிளம்பலைன்னா, அப்பா அம்மாதான்டா கிளம்பணும்.”