வெள்ளத்தின் அளவுகள்

ஆற்றுப் படித்துறையின் பழைய கல்சுவரில், வெள்ளம் ஏறி நின்ற உயரங்களை ஆண்டுவாரியாகக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்களெல்லாம் அரண்மனை பார்க்கப் போய்விட்டார்கள். மகளோடு வந்த தையல்காரிக்கு இந்தச் சுவரே போதும். நாளைக் காலை மகள் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாள். எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாதென்று அம்மா வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் சுவர் முழுக்க நெளிகிறது. காற்றில் காயும் துணிபோலக் கல் அசைகிறது. எங்கோ ஒரு துடுப்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அம்மா தன் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு கோடாக அளக்கிறாள். “இது இடுப்பு. இது மார்பு. இந்த வருஷம் கழுத்து வரைக்கும் வந்திருக்கு, பாரேன்.”

“ஊர் சுத்த வந்த இடத்துலயும் டேப்பா? வெள்ளத்துக்குச் சட்டை தைக்கப் போறியாம்மா?” என்று மகள் சிரிக்கிறாள்.

“வாயாடி. செருப்பைக் கழட்டிட்டு இப்படி நிமிர்ந்து நில்லு.”

மகள் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறாள். இப்போது வெயில் அவள் முகத்திலும் நெளிகிறது. அம்மா பையைத் துழாவி, தேய்ந்து நகமளவாகிவிட்ட தையல் சாக்பீஸை எடுத்து, மகளின் உச்சந்தலைக்கு நேராக, எல்லா வெள்ளத்துக்கும் மேலே ஒரு கோடு இழுக்கிறாள்.

மகள் திரும்பிப் பார்க்கிறாள். “ஒரு மழைக்குக்கூடத் தாங்காதேம்மா இது.”

“அதுக்குள்ள வந்துடு” என்கிறது, அம்மாவை மீறி, அவள் வாய்.