கிளி சொன்ன ‘விடு’

ரெஜினா வீட்டு டெரியர் நாய்க்குட்டி பட்டாணி, கண்டதையெல்லாம் கவ்வும். காலுறையோ ரிமோட்டோ, ரெஜினா “விடு” என்பாள். விட்டால் பிஸ்கட் தருவாள். இரண்டே வாரத்தில் குட்டி பழகிவிட்டது.

கூண்டுக் கிளி வேணிக்கு அது நல்ல வேடிக்கை. ரெஜினா இல்லாதபோது அவள் குரலிலேயே “விடு” என்றது. பட்டாணி செருப்பைப் போட்டுவிட்டு, பிஸ்கட் எங்கே என்று அண்ணாந்து பார்த்தது. வேணி சிறகடித்துச் சிரித்தது. தினமும் இப்படியே நடந்ததில், அந்தச் சொல்லைக் கேட்டால் பட்டாணி காதைக்கூட அசைக்காமல் போயிற்று.

ஒருநாள் ரெஜினாவின் குழந்தை வைத்திருந்த பொம்மையோடு அதன் விரலையும் சேர்த்துப் பட்டாணி கவ்விவிட்டது. “விடு! விடு!” என்று ரெஜினா அலறினாள். யாரோ விளையாடுகிறார்கள் என்றெண்ணி, குட்டி இன்னும் இறுக்கியது. பிஞ்சு விரலில் ரத்தம் வந்துவிட்டது.

மறுநாளே பட்டாணியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் கூடையோடு வந்தார்.

“பட்டாணி, தப்பு என்னோடதுடா. அவங்க குரல்ல பேசி உன்னை ஏமாத்தினது நான்தான்” என்று வேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது.

குட்டி கூடைக்குள்ளிருந்து வாலை ஆட்டியது.

“நீங்கதானா அக்கா? அங்கேயும் என்கூட விளையாட உங்களை மாதிரி யாராவது இருப்பாங்களா?”