உனக்கும் ஒரு உருண்டை

“‘அண்ணனுக்கு அம்மாவோட நோய் வரலாம்னு தெரிஞ்சும் இப்படி வள்ளுன்னு விழுதீங்களே மதினி, நெஞ்சுக்குள்ள என்ன கல்லா வச்சிருக்கீங்க?’ இப்படித்தானே கேட்டே? இன்னொரு தரம் கேளு. உங்க அண்ணன் காதுல சரியா விழுந்திருக்காது!”

நாத்தனார் பிரம்மநாயகியின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் அவளுக்கே திருப்பிச் சொன்னாள் சித்ரலேகா.

“ஆமா, கேட்டேன். அண்ணன் என்ன கொலையா பண்ணிட்டாங்க? வாழைக்காய் வாங்கப் போனவங்க வாழைப்பூ வாங்கிட்டு வந்துட்டாங்க. அதுக்கு இம்புட்டுச் சத்தமா?”

“கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான் வாங்கிட்டு வாராரு. இது நோயில்ல, கொழுப்பு.”

முன்னறையில் சித்ரலேகாவின் கணவர் சிவசங்கரன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

அண்ணன் தங்கையின் அம்மா போன ஆடியில்தான் இறந்துபோனாள். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் “நீங்க யாரு?” என்று கேட்டபடியே.

அண்ணனுக்கும் அந்த மறதி நோய் வரலாம் என்று தெரிந்ததிலிருந்து, பிரம்மநாயகி சனிக்கிழமை தவறாமல் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறிவிடுவாள். பை நிறைய வாய்க்கால் கரை வல்லாரை. ஞாபகசக்திக்கு நல்லதாம். துவையல் அரைத்து அண்ணனுக்கு ஊட்டிவிடாத குறை.

சாப்பிட உட்கார்ந்ததும் சித்ரலேகா கணவர் தட்டில் ஓர் உருண்டை வைத்தாள். நாத்தனார் தட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று.

“எனக்கெதுக்கு மதினி? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. அண்ணனுக்கு வைங்க.”

“தின்னு. வாதாடாத.”

“துவையல்லகூட அண்ணனுக்கு மிச்சம் வைக்க மாட்டீங்களா?”

சித்ரலேகா நாத்தனார் தட்டில் இன்னும் கொஞ்சம் துவையலை வழித்து வைத்தாள்.

அம்மா போய் மூன்று மாதம் கழித்து, தொண்ணூற்றேழு ஐப்பசியில், ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஒருவர் அண்ணன் தங்கை இருவரிடமும் ரத்தம் எடுத்திருந்தார். முடிவு கேட்கக் கணவனும் மனைவியும்தான் ஜங்ஷனில் இருந்த அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுதான் வந்திருக்கு. ஆனா ஆம்பளைக்கு அது அவ்வளவு பாரமில்ல. பொம்பளைக்குத்தான் ஆபத்து பல மடங்கு. கட்டாயம் வரும்னு சொல்ல முடியாது. ஏன் இப்படி ஆளுக்கொரு நியாயம்னு எங்களுக்கே இன்னும் விளங்கல” என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியது. சிவசங்கரன் ஆற்றைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டு நரம்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஒரே வயித்துல பிறந்தோம் சித்ரா. கண்ணுக்குத் தெரியாத அதே பொட்டுதான். என் ரத்தத்துல தூசியாட்டம் கிடக்கு. அவ ரத்தத்துல போய்ப் பாறாங்கல்லா ஆயிருதே!”

பாலம் தாண்டியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“நாயகிகிட்ட எனக்கு மட்டும்தான்னு சொல்லிருதேன். சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி. பயத்துலயே செத்துருவா. நீ வாயத் திறக்கப்படாது.”

திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கல்நெஞ்சக்காரி பட்டம்.

சாப்பாடு முடிந்து சிவசங்கரன் படுக்கப் போனார். அடுக்களையில் பிரம்மநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

“கோவமா மதினி? அண்ணன் காதுல விழணும்னுதான் சத்தமாக் கேட்டேன். அவங்க சொன்னதை நான் நம்பிட்டேன்னு நிம்மதியா இருப்பாங்கல்லா.”

“எதை நம்பிட்டே?”

“டாக்டர் ஆளுக்கொரு கடுதாசி போட்டாருல்லா. என்னுது நேரா என் வீட்டுக்கே வந்துட்டு. பாவம், அண்ணனுக்கு அது தோணல.”

“எப்போ வந்துச்சு?”

“எட்டு மாசமாச்சு.”

எட்டு மாதச் சனிக்கிழமைச் சண்டைகளும் சித்ரலேகாவின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவள் எதிரே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத்தான் வீணா கெட்ட பேரு. மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மதினி. கடைசியில அம்மாவுக்கு எங்க ரெண்டு பேரையும் தெரியல. இங்கன நீங்க சத்தம் போட்டா மட்டும் ‘சித்ரா வந்துட்டா’ன்னு சிரிப்பா. எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தா, பாவம்னு நினைச்சுப் பைய பேசிராதீங்க. இதே மாதிரி வள்ளுன்னு விழுங்க.”

சித்ரலேகா அம்மியில் ஒட்டியிருந்த துவையலை வழித்துக்கொண்டே இருந்தாள்.

“விழுவீங்கல்லா, மதினி?”