ஐந்தாவது வட்டம்

"அருவியைச் சுத்தி நூறு மீட்டருக்குள்ள ஒரு கட்டடம் இருக்கப்படாது. படத்துல வட்டம் போடும் வே," என்றார் அதிகாரி வெள்ளத்துரை. எண்பத்து மூன்றாம் வருடக் குற்றால சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது.

வரைபடக்காரர் இசக்கி காம்பஸை எடுத்து, ஐந்தருவியின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வட்டம் போட்டார்.

"சிப்ஸ் கடை உள்ள வருது சார். பாவம், அண்ணாச்சி நேத்து வந்து அழுதாரு."

"காம்பஸுக்குக் கண்ணு இருக்கா வே? தூக்கிரும்."

"அஞ்சாவது வட்டத்து ஓரத்துல மட்டும் ஒரு லாட்ஜ் மாட்டுது. புதுசா கட்டுதாவ."

"எவனா இருந்தாலும் இடிக்கணும். யாருது?"

"உங்க மாமனாருது சார். மகளுக்குத்தான் கட்டுதாவளாம். மாப்பிள்ளைகிட்ட இப்பம் சொல்ல வேண்டாம்னாவ."

வெள்ளத்துரை ஐந்தாவது வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அந்த அஞ்சாவது கிளையில சித்திரையில தண்ணி விழுமா?"

"சொட்டு விழாது சார்."

"தண்ணி விழாதது எப்படி வே அருவியாகும்? அழிச்சிரும்."

இசக்கி ரப்பரால் அருவியையும் அதன் வட்டத்தையும் அழித்தார்.

"மேல 'ஐந்தருவி'ன்னு தலைப்பு இருக்கே சார்?"

"அது இருக்கட்டும். பேரை மாத்த நமக்கு அதிகாரம் கிடையாது."