எண்ணூறு வோல்ட்

ஓர் இரும்புப் பெட்டிக்குள், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எட்டுக் கண்டென்சர்கள் கைகோத்து வரிசையாக நின்று, ஆளுக்கு நூறு வோல்ட் சுமந்து வந்தன. மொத்தம் எண்ணூறு. மேற்பார்வைக்கு ஒரு போர்டு. அது மொத்தத்தை மட்டும்தான் பார்க்கும்.

ஒருநாள் மூன்றாமவனுக்குத் தலை உப்பியது.

"அண்ணே, என்மேல நூற்றிருபது ஏறிடுச்சு. உங்களுக்கு எண்பதுதான் இருக்கு. ரெண்டு பேருமாச் சேர்ந்து போர்டுகிட்ட சொல்லுவோம், வாங்க."

நாலாமவனுக்கு எண்பது சுகமாக இருந்தது. "மொத்தம் சரியாத்தானே இருக்கு? உன் ஒருத்தன் தலைவலிக்கு ஊரைக் கூட்டாதேடா," என்றான்.

மாலைக்குள் மூன்றாமவன் வெடித்தான். மொத்தம் தடுமாறியதும் போர்டு ஒரு சுவிட்சைத் தட்டியது. தெருவில் கிடக்கும் பிணத்தை ஒதுங்கிப் போகிறவர்களைப் போல மின்சாரம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் வரிசையில் அப்படியே நின்றான். அவன் சுமை மற்ற ஏழு பேர்மேல் இறங்கியது. வெளியே எரிந்த விளக்கு ஒருமுறைகூட இமைக்கவில்லை.

நாலாமவனின் உச்சந்தலை உப்பத் தொடங்கியது. "போர்டய்யா, இப்போ நாங்க எத்தனை பேரு?" என்று கேட்டான்.

"எண்ணூறு," என்றது போர்டு.

அவன் பதறி ஐந்தாமவன் பக்கம் திரும்பினான். "தம்பி, நாம ரெண்டு பேரும்..."

ஐந்தாமவன் அவனுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.