கணுக்கால் வெள்ளம்

ஆலைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலின் கரைச்சுவரில் சித்திரம் வரைந்து முடித்த மறுநாள் வானம் கறுத்தது. கட்டெறும்புகள் முட்டைகளோடு சுவரில் ஏறின. முன்னால் போன எறும்பு பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணே, இங்கே ஒரு கோடு இருந்ததே?" என்று சுவரிடம் கேட்டது.

பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்ட ஆலைத் தொழிலாளிகள் உளியால் வெட்டிய கோடு அது. அதன் கீழே, செத்துப்போன ஏழு பேரின் பெயர்கள். மழை வருமுன் முட்டைகளை அந்தக் கோட்டுக்கு மேலே சேர்த்துவிடுவது எறும்புகளின் வழக்கம்.

"மேடும் பள்ளமுமா இருக்குன்னு சிமெண்ட் பூசிட்டாங்க," என்றது சுவர். "அதனாலென்ன? அந்த வெள்ளத்தையே வரைஞ்சிருக்காங்க, பாரு. 'நம் வாய்க்காலின் வரலாறு'ன்னு மேலே எழுதியும் இருக்கு."

எறும்பு பார்த்தது. நல்ல நீலத் தண்ணீரில் பெண்கள் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அவர்களின் கணுக்கால் வரைதான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்தவை எல்லாம் அந்தக் கணுக்கால்களுக்குச் சற்று மேலேயே முட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதான் வந்துச்சாம் அக்கா," என்றது ஓர் எறும்பு, மூச்சு வாங்கியபடி. "இத்தனை வருஷமா வீணா மேலே வரைக்கும் சுமந்திருக்கோம்."