கத்தரியின் வாய்க்குள் எள்ளுச்சத்து

கல்லீரலில் வேலை பார்த்த கத்தரி என்ற நொதிக்கு ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கத் தெரியாது. உபரியாக வரும் வைட்டமின் ஈயின் வாலை நறுக்கி, சிறுநீரோடு வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஆள் இல்லாவிட்டாலும் வாய் திறந்து திறந்து மூடும்.

அன்று நிலக்கடலையிலிருந்து வந்த வைட்டமின் ஈ அதன் முன்னால் நடுங்கியபடி நின்றது. "அண்ணே, இப்பதான் வந்தேன். உடம்புக்கு ஒரு வேலைகூடச் செய்யல."

"வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். வாலை நீட்டு!"

அதற்குள் எள்ளுருண்டையிலிருந்து வந்த எள்ளுச்சத்து குறுக்கே பாய்ந்து, கத்தரியின் வாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"இறங்குடா! வேலை கிடக்கு!" கத்தரி நறநறவென்று கடித்தது. எள்ளுச்சத்து லேசில் அறுபடவில்லை.

"நிக்காதே, ஓடு!" என்று எள்ளுச்சத்து வைட்டமினிடம் கத்தியது.

வைட்டமின் ஓடியது. பின்னால் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

ரத்தத்தில் மிதந்து வந்த சிவப்பணு ஒன்று ஆச்சரியப்பட்டது. "கத்தரிகிட்டேருந்து எப்படித் தப்பிச்சே?"

வைட்டமின் வாலை நிமிர்த்திக்கொண்டது.

"அதுவா? என் வாலைப் பார்த்ததுமே வாயை மூடிக்கிச்சு."